மீன் தொட்டி

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்தும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். அதனைக் கண்ட சிறுவர் பலர் தாமும் மீன் வளர்க்க விழைவர். தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் வாங்கி வருவர். தெளிந்த நீரை நிரப்பி, அவற்றை உடனே அதனுள் விடுவர். சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மடிந்து மிதக்கும். நீரோ தெளிவாகவே இருக்கும். அங்ஙனமாயின், அவை மடிந்தது ஏன்?

மீனுக்கு நீரே உறைவிடம். அதன் கழிவு சேருமிடமும் அதுவே. மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் பொருளை வெளிவிடுகின்றது. உண்ணாது எஞ்சிய இரை அழுகுவதாலும் அது உண்டாகும். அம்மோனியாவிற்கு நிறமில்லை, ஆதலின் அது கலந்த நீரும் தெளிந்தே தோன்றும். ஆயினும், அது செவுள்களைப் புண்படுத்தும் கொடிய நஞ்சாகும்.

இந்நஞ்சை மாற்றவல்லவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே. அவற்றுள் ஒருவகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, குருதி பிராணவாயுவை ஏந்திச் செல்லாதவாறு அது தடுக்கும். மற்றொருவகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு சிறிதளவாயின் மீனுக்குத் தீங்கு செய்யாது. நீர்ச்செடிகளுக்கு அது உணவுமாகும். ருசிய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கி, 1890ஆம் ஆண்டை ஒட்டி இந்நுண்ணுயிர்களை ஆராய்ந்து விளக்கினார்.

புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை பொறுமை வேண்டும். நல்ல நிலையிலுள்ள பழைய தொட்டியிலிருந்து ஒருபிடிச் சரளைக்கல் கொணர்ந்து இடுதல் நலம். பாலுக்கு உறையிடுவதைப் போன்றது அது.

தொட்டியை வெயில் நேரே படாத இடத்தில் வைத்து, கழுவிய சரளையைப் பரப்பி, நீர்ச்செடிகளை நடவேண்டும். குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் மீனுக்குக் கேடு விளைக்கும். அதனை அகற்றும் மருந்தினைக் கலந்த பின்னரே நீரைப் பயன்படுத்தவேண்டும். முதலில் கப்பி போன்ற வலிய மீன்கள் இரண்டோ மூன்றோ போதும். அவை உள்ள பையைத் தொட்டி நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, அந்நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, பின்னரே மீன்களை வெளிவிடல் வேண்டும். சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இரையிடுக.

மீன் ஒன்று மடிந்தவுடன், நீர் முழுவதையும் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவோர் உளர். சரளையிலும் வடிகட்டியிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் அதனால் அழிகின்றன; எஞ்சிய மீன்களுக்கும் இடர் நேர்கின்றது. வாரம் ஒருமுறை காற்பங்கு நீரை மட்டும் மாற்றுதலே தக்கது. வெளியெடுத்த அந்நீரிலேயே வடிகட்டியை அலசுதல் வேண்டும்.

மீனைக் காக்க விரும்புவோர் முதற்கண் அது வாழும் நீரைக் காத்தல் வேண்டும். அந்நீரைக் காப்பனவோ கண்காணாச் சிற்றுயிர்களே.