கண்ணாடித் தொட்டியிற் கடற்சாமந்தி

கடலோரப் பாறைகளின் இடுக்குகளிலும், வெப்பக் கடல்களின் பவளத் திட்டுகளிலும், மலர்போலத் தோன்றும் உயிர் ஒன்று ஒட்டி வாழ்கிறது. அதனைக் கடற்சாமந்தி என்பர். இதழ்கள் போலக் காணப்படுபவை இதழ்கள் அல்ல. இரையைப் பற்றும் உணர்விரல்கள். அவற்றில் கண்ணுக்குப் புலனாகாத கொட்டும் அறைகள் எண்ணற்றவை உள்ளன. சிறு மீனோ இறாலோ தீண்டிய அளவில் அவ்வறைகள் வெடித்து, நஞ்சு தோய்ந்த நுண்ணிழைகளை அதன் உடலிற் பாய்ச்சும். உணர்விரல்களின் நடுவே வாய் உண்டு. உணவு புகுவதும் கழிவு வெளிப்படுவதும் அவ்வொரு வழியே தான். உருளை போன்ற உடலின் அடியில் தட்டையான பாதம் அமைந்துள்ளது. இவ்வுயிருக்கு எலும்பு இல்லை, மூளை இல்லை, குருதியும் இல்லை. உள்ளே நிறைந்துள்ள கடல்நீரின் அழுத்தத்தாலேயே உடல் நிமிர்ந்து நிற்கிறது. ஆதலின், கடல்நீர் இதற்கு வாழும் இடம் மட்டுமன்று. உடலைத் தாங்கும் எலும்பு போன்றதும் ஆகும்.

இத்தகைய உயிரைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் இன்று பல நாடுகளில் உள்ளனர். வாங்கி வந்த சில வாரங்களிலேயே அது சுருங்கி, நிறம் வெளுத்து, மடிவதைக் கண்டு வருந்துவோரும் அவர்களுள் உளர். முதுமையால் மடிந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வழியில்லை. கடற்சாமந்தி பல்லாண்டு வாழும் இயல்புடையது. அதற்கு ஸ்காட்லாந்தில் வளர்க்கப்பட்ட ஒரு கடற்சாமந்தியே சான்றாகும்.

எடின்பரோ நகரில் சர் ஜான் கிரகாம் டால்யெல் என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் வழக்கறிஞர் தொழிலுக்குப் பயின்றவர். எனினும் கடல்வாழ் உயிர்களை ஆராய்வதில் பெருவிருப்பம் கொண்டவர். 1828ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நார்த் பெரிக் என்னும் ஊரின் கடற்கரைப் பாறையிலிருந்து சிவந்த கடற்சாமந்தி ஒன்றை அவர் எடுத்து வந்தார். அதனை ஒரு சிறு கண்ணாடிக் கலத்தில் இட்டு வளர்த்தார். அக்காலத்தில் மின்விளக்கு இல்லை. நீரைச் சுழற்றும் பொறி இல்லை. வெப்பத்தை அளந்து காக்கும் கருவியும் இல்லை. டால்யெல் செய்தவை மிகச் சிலவே. கடலிலிருந்து நல்ல நீரை ஆள் வைத்துக் கொண்டுவரச் செய்து, கலத்து நீரை அடிக்கடி மாற்றினார். இடையிடையே சிப்பியின் சதையைச் சிறிதளவு உணவாகக் கொடுத்தார். மற்ற நேரங்களில் அதனைத் தொல்லைப்படுத்தாது விட்டு வைத்தார்.

1851ஆம் ஆண்டில் டால்யெல் காலமானார், கடற்சாமந்தியோ வாழ்ந்தது. அது ஒருவர் பின் ஒருவராக வேறு அறிஞர்களின் கைகளுக்கு மாறி, இறுதியில் எடின்பரோவின் அரச தாவரத் தோட்டத்தைச் சேர்ந்தது. அதற்குள் அது நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்றிருந்தது. இவ்வினத்தின் குஞ்சுகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து, அதன் வாய்வழியே வெளிவரும். மக்கள் அதனைப் 'பாட்டி' என்றே அன்புடன் அழைத்தனர். பார்க்க வந்தோரும் பலர். 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அது மடிந்தது. கலத்தில் மட்டும் அது வாழ்ந்த காலம் 59 ஆண்டுகள். அதனைக் கடலிலிருந்து எடுத்தவர் மறைந்த பின்னரும் அது முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தது.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. 'பாட்டி' குளிர்நாட்டுக் கடற்கரை இனத்தைச் சேர்ந்தது. ஓதம் வடியும்போது அவ்வினம் நீரின்றிப் பாறையில் கிடக்கும். வெயிலையும் மழையையும் காற்றையும் தாங்கும். உணர்விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு செந்நிறக் கூழ்க்கட்டிபோல் சுருண்டு, கடல் மீளும் வரை காத்திருக்கும். கடினமான வாழ்வுக்குப் பழகிய உடல் அது. இக்காலத்தோர் பெரிதும் விரும்பி வளர்க்கும் வெப்பக் கடல் இனங்கள் அத்தன்மையன அல்ல.

'பாட்டி' வாழ்ந்த காலத்திலேயே கடல்நீர்த் தொட்டி வளர்ப்பு இங்கிலாந்தில் பரவலாயிற்று. 1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் அம்மையார் கடற்கரையிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் தொலைவில் இருந்தமையால் நீரை அடிக்கடி மாற்ற அவருக்கு இயலவில்லை. ஆகவே, பணிப்பெண் ஒருத்தி திறந்த சாளரத்தருகே நின்று, அந்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தாள். இன்று மின்பொறி செய்யும் வேலையை அன்று அப்பெண்ணின் கைகள் செய்தன. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்கள் காணத்தக்க மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணை நின்ற பிலிப் ஹென்றி காஸ் என்பார் மறு ஆண்டில் எழுதிய நூல், வீடுதோறும் கண்ணாடித் தொட்டி வைக்கும் ஆர்வத்தை மூட்டியது. மக்கள் கூடைகளுடனும் உளிகளுடனும் கடற்கரைக்குத் திரண்டனர். அழகிய பாறைக் குட்டைகள் பல வெறுமையாயின.

இனி, வெப்பக் கடல் இனங்களைக் காண்போம். இவற்றுள் தொட்டிகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது, உணர்விரல்களின் நுனி குமிழ்போல் உப்பியிருக்கும் குமிழ்நுனிக் கடற்சாமந்தியாகும். கோமாளி மீன்கள் இதன் உணர்விரல்களுக்கிடையே அச்சமின்றி வாழும். இம்மீன்களும் அவற்றுக்குப் புகலிடம் தரும் கடற்சாமந்திகளும் நம் மன்னார் வளைகுடாவிலும் உள்ளன. இவ்வினங்களின் உடற்சதைக்குள் நுண்ணிய பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. பாசி கதிரவன் ஒளியைக் கொண்டு சர்க்கரைப் பொருளை ஆக்கி, அதில் பெரும்பங்கைத் தனக்கு இடமளித்த உயிருக்கு ஈகிறது. அவ்வுயிரின் கழிவைத் தான் உரமாக ஏற்கிறது. கடற்சாமந்தியின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இப்பாசியின் நிறமே. எனவே, இங்கு ஒளியென்பது உணவாகும். மீன்களைக் கண்டு களிப்பதற்கெனப் பொருத்தப்படும் எளிய விளக்கு இதற்குப் போதாது.

நீர் மிகவும் வெப்பமடைந்தாலும், ஒளி குன்றினாலும், நீரில் தீங்கு மிகுந்தாலும் கடற்சாமந்தி தன் பாசிகளை இழந்துவிடும். அப்போது அது பால்போல் வெளுத்துத் தோன்றும். கடையில் அத்தகைய ஒன்றைக் கண்டு, "எத்துணை அழகு!" என்று வியந்து வாங்குவோர், உண்மையில் பட்டினி கிடக்கும் நோயாளியையே விலை கொடுத்து வாங்குகின்றனர். வெளுத்தவற்றிற்கு மஞ்சட் சாயம் ஏற்றி விற்கும் வழக்கமும் உண்டு. இது வருந்தத்தக்க வாணிகம். நல்ல கடற்சாமந்தியின் பாதம் எதையேனும் உறுதியாகப் பற்றியிருக்கும்; வாய் இறுக மூடியிருக்கும்; உணர்விரல்கள் தொட்டவுடன் ஒட்டும்.

நல்லதையே வாங்கினும், புதிய தொட்டியில் இட்டால் அது பிழைப்பது அரிது. தெளிவாக இருப்பதால் மட்டும் நீர் தூயது ஆகிவிடாது. மீன்களின் கழிவும் உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியா தோன்றுகிறது. அது கொடிய நஞ்சு. தொட்டியின் கற்களிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியங்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இப்பாக்டீரியங்கள் போதிய அளவு பெருகுவதற்கே பல வாரங்கள் வேண்டும். அதன் பின்னரும் தொட்டியின் நிலை சில காலம் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். ஆகையால், தொட்டி அமைத்து ஆறு திங்களேனும் கழிந்த பின்னரே கடற்சாமந்தியைக் கொணர்தல் வேண்டும் என்பது பட்டறிந்தோர் கருத்து. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கண்டு மகிழ விரும்புவோர்க்கு இக்காத்திருப்புக் கடினமானதே.

தொடக்கநிலையினர் பெரிதும் தவறுவது உப்பின் அளவில் ஆகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. 100 லிட்டர்த் தொட்டி ஒன்றில் 3,500 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். சில நாட்களில் 10 லிட்டர் நீர் ஆவியாகிறது. ஆவியாவது நீரேயன்றி உப்பு அன்று. உப்பளத்தில் நிகழ்வதும் இதுவே. எஞ்சிய 90 லிட்டரில் அதே 3,500 கிராம் உப்பு நிற்பதால், லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம் ஆகிறது. குறைந்த நீரை ஈடுசெய்ய மீண்டும் உப்புநீரையே ஊற்றினால் உப்பின் அளவு ஏறிக்கொண்டே செல்லும். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே சேர்த்தல் வேண்டும். அதுவும் குளோரின் நீக்கப்பட்ட தூய நீராக இருத்தல் வேண்டும். தொட்டியில் மீன்களுக்கு நோய் கண்டால், செம்பு கலந்த மருந்தை ஊற்றுதல் கூடாது. மீனைக் குணப்படுத்தும் அம்மருந்து கடற்சாமந்தியைக் கொன்றுவிடும்.

கடற்சாமந்தி சிற்சில வேளைகளில் உள்ளிருக்கும் நீரையெல்லாம் வெளியேற்றிச் சுருங்கிப்போவதுண்டு. இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கழிவை நீக்கிப் புதுநீரை ஏற்கும் செயலே அது. சில மணி நேரத்தில் மீண்டும் விரிந்துவிடும். நாள்தோறும் பன்முறை சுருங்குவதும், சுருங்கியது விரியாதிருப்பதும், வாய் தளர்ந்து திறந்து கிடப்பதும், பாதம் பற்று விடுவதும் நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் வளர்ப்போர் கையிட்டுத் திருப்புவதும், இடம் மாற்றுவதும், மிகுதியான உணவைத் திணிப்பதும் இயல்பு. இவை யாவும் கேடே விளைக்கும். முதலிற் செய்யத்தக்கது நீரைச் சோதித்தலாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இருத்தல் கூடாது. வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள், ஏற்றத்தாழ்வின்றி இருத்தல் வேண்டும். குறை தெரியின், தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை எடுத்துவிட்டு, அதே வெப்பமும் அதே உப்பளவும் உடைய புதுநீரை இடுதல் வேண்டும். நீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவது நோயுற்ற உடலுக்கு மற்றோர் அதிர்ச்சியாகும். ஒளி போதாதிருப்பின் அதனையும் நாளடைவில் சிறிது சிறிதாகவே கூட்டுதல் நன்று.

இடம் பிடிக்காவிடில் கடற்சாமந்தி தானே நகரும். ஒளியும் நீரோட்டமும் தனக்கு ஏற்ற அளவில் உள்ள இடத்தைத் தேடி, பாதத்தால் மெல்ல ஊர்ந்து செல்லும். அவ்வாறு செல்லுங்கால் நீரை உறிஞ்சும் பொறியின் வாயில் அகப்பட்டுச் சிதைந்துபோவது அடிக்கடி நேரும் விபத்து. பொறியின் வாயைக் கடற்பஞ்சு போன்ற மென்பஞ்சாலோ வலையாலோ மூடிவைத்தல் இதனைத் தவிர்க்கும். கோமாளி மீன் உடனிருப்பது கடற்சாமந்திக்கு எப்போதும் நன்மை என்று எண்ணுவோர் உளர். உடல்நலமுள்ள காலத்தில் அது உண்மையே. மெலிந்த காலத்திலோ, மீன் ஓயாது உராய்வதால் அது விரியவே இயலாமற் போகும். துளைகளையுடைய பெட்டி ஒன்றால் சில காலம் பிரித்துவைப்பது நலம். கோமாளி மீனோ தொட்டியில் கடற்சாமந்தி இன்றியும் நன்கு வாழும்.

உணர்விரல்கள் ஒட்டும் தன்மையை மீண்டும் பெற்ற பின்னரே உணவு தருதல் வேண்டும். அப்போதும் இறால் அல்லது மீன் சதையை வாயினும் சிறிய துண்டாக நறுக்கி, வாரத்திற்கு ஓரிரு முறை கொடுத்தாற் போதும். பெருந்துண்டை விழுங்கிய கடற்சாமந்தி அதனைச் செரிக்கமாட்டாது ஓரிரு நாளில் கக்கிவிடும். கக்கியது அழுகி, அரிதின் முயன்று தூய்மையாக்கிய நீரை மீண்டும் கெடுக்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும் உடல் குழைந்து கரைந்து, தீநாற்றம் வீசுமாயின், அது இறந்துவிட்டது எனத் துணியலாம். அதனைக் கணமும் தாழ்த்தாது வெளியேற்றல் வேண்டும். இன்றேல் அதன் அழுகல் தொட்டியிலுள்ள மீன்கள் அனைத்தையும் மாய்த்துவிடும். பிழைக்கும் கடற்சாமந்தியும் விரைவில் தேறிவிடுவதில்லை. வெளுத்த உடலில் பாசிகள் மீண்டும் பெருகப் பல திங்கள் ஆகும். முதலில் வாயைச் சுற்றி மங்கலான பழுப்பு நிறம் படரும்; பின்னர் உணர்விரல்களில் ஏறும். நன்கு தேறிய குமிழ்நுனிக் கடற்சாமந்தி சில வேளைகளில் நடுவே பிளந்து இரண்டாகும். அவ்வாறு தொட்டியிலேயே தோன்றியவை தொட்டி நீருக்குப் பழகியவை. அவற்றைப் பெற்று வளர்ப்போர் கடலிலிருந்து புதிதாக ஒன்றை எடுக்க வேண்டுவதில்லை.