ஒடியற் கூழும் இரவல் காணியும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, உரும்பிராய்ச் செம்மண்ணில் போட்டிருந்த பனங்கொட்டைப் பாத்திகளையும் விட்டே நடந்தோம். 1996 சித்திரைக்குப் பின் திரும்பியபோது கிழங்கு தும்பேறி, குருத்தோலையும் விட்டிருந்தது. அந்த ஆண்டு மார்கழி, தைக் குளிருக்கு எமக்கு ஒடியற் கூழ் இல்லை.

கிழங்கைப் பச்சையாகத் தோலுரித்து, கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மாவே வேண்டும். மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மீண்டும் மீண்டும் நீர் மாற்றவேண்டும். கைப்பு அதனோடுதான் போகும். இதில் அவசரம் கூடாது.

பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், மீன்தலை, நண்டு, இறால் எல்லாம் அவியட்டும். (மீன் வாங்க வழியில்லையேல் மரக்கறிக் கூழ், அதிலும் குறையில்லை.) வெந்தபின் அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளிக் கரைசல் விட்டு, கடைசியாக மாவைக் கரைத்து ஊற்றித் தடிக்கும்வரை துழாவுங்கள். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக்கொண்டு அயலும் வந்துவிடும். ஒரு வீட்டுக்கென்று மட்டும் கூழ் காய்ச்சுவார் இல்லை.

இரவல் காணியில் இருப்போர், ‘இங்கே எத்தனை மாதமோ’ என்று ஒன்றும் நடாதிருப்பதைக் காண்கிறோம். பனங்கொட்டைக்கு உரமும் வேண்டாம், இறைப்பும் வேண்டாம். மாரி மழை போதும். ஆவணி, புரட்டாதியில் கொட்டைகளைப் பொறுக்கி, காணிக்காரரிடம் ஒரு சொல் கேட்டு, மண்ணை மேடாக்கி நெருக்கமாக அடுக்கி மூடுங்கள். தையில் கிண்டலாம். அதற்குள் ஊருக்குப் போக வழி திறந்தால், கிழங்கைக் காணிக்காரரே கிண்டிக்கொள்ளட்டும்.