மலை இறக்கமும் பழைய பிக்கப்பும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருவீதியில், கடுகண்ணாவை நகரத்தில் உயரமான கோபுரம் ஒன்று நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டில் காலமானார். அவர் ஞாபகார்த்தமாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் அது. பாறையைக் குடைந்து வீதி சமைத்தவர்கள் மலைமீது ஏறுவதற்கு வழி தந்தார்கள். இறங்கும் வண்டியை அடக்கும் பொறுப்பு மட்டும் அன்றுபோல் இன்றும் ஓட்டுபவனுடையதாகவே இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் உண்டு. அலெக் இசிகொனிஸ் என்பவர் வடிவமைத்த மொரிஸ் மைனர் கார் 1948இல் வெளிவந்தது. 1953இல் அதன் பிக்கப்பும் வானும் தோன்றின. 1971இல் கார் உற்பத்தி நின்றுவிட்ட போதிலும் இலங்கை மக்கள் அதைக் கைவிடவில்லை. 1990களில் அதற்கான உதிரிப்பாகங்கள் இந்நாட்டிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டன என்றால், நம் தொழிலாளரின் கைத்திறனை என்னென்பது!

எங்கள் வண்டிக்கு ஒரு குறை இருந்தது. பிரேக் பிடிக்கப் பலமாக மிதிக்க வேண்டும். என் தம்பியின் மகன் பொறியியல் மாணவன். பழைய வண்டியென்றால் அவனுக்கு உயிர். விடுமுறையில் வந்தவன் அதற்கு ‘சேர்வோ’ என்னும் துணைக்கருவியைப் பொருத்தினான். “பெரியப்பா, இனி மிதிக்கவே வேண்டியதில்லை, தொட்டாலே போதும்!” என்று குதூகலித்தான்.

அக்கருவியின் தத்துவம் எளியது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்று, கடல் மட்டத்தில், ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் ஏறத்தாழ 14.7 இறாத்தல் பாரத்துடன் அழுத்துகின்றது. நாற்புறமும் ஒரே அளவாக அழுத்துவதால் அதை நாம் உணர்வதில்லை. ஒரு புறத்துக் காற்றை மட்டும் அகற்றிவிட்டால் மறுபுறத்துக் காற்றின் வலிமை வெளிப்படும். பெற்றோல் என்ஜின் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் இத்தகைய வெறுமை எப்பொழுதும் உண்டாகின்றது. அதனை ஒரு தகர உருளையுள் செலுத்தி, நடுவே றப்பர்த் தகடொன்றை வைத்து, மிதியை அழுத்தும் வேளையில் அத்தகட்டின் ஒரு பக்கத்தில் வெளிக்காற்றைப் புகவிடுகிறார்கள். ஏழு அங்குல விட்டமுள்ள தகட்டின் பரப்பு 38 சதுர அங்குலம். அழுத்த வித்தியாசம் ஒன்பது இறாத்தலாயின், சுமார் 340 இறாத்தல் பலம் நம் காலுக்குத் துணையாகிறது! பெல்ஜிய நாட்டவரான ஆல்பேர்ட் டெவான்டர் 1920களில் உருவாக்கிய உபாயம் இது.

இன்றைய கார்களில் இக்கருவி பிரேக் மிதிக்கு நேர் முன்னால் அமைந்திருக்கும். மொரிஸ் மைனரிலோ, மிதியின் விசையை எண்ணெய்க்கு மாற்றும் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கின்றது. ஆகவே கருவியை என்ஜின் அறையில் தனியே வைத்து, பிரதான சிலிண்டருக்கும் சில்லுகளுக்கும் இடையே எண்ணெய்க் குழாய் வழியாக இணைக்க வேண்டியதாயிற்று.

வேலை முடிந்த மறுவாரம் குடும்பத்தோடு மாவனல்லைக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவையைத் தாண்டியதும், பையன் கியரை விலக்கி, சாவியையும் திருப்பி என்ஜினை நிறுத்திவிட்டான். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் பழகிக்கொண்ட சிக்கனம் அது. முதல் வளைவில் பிரேக் நன்றாகப் பிடித்தது. இரண்டாவது வளைவில் மிதி சற்றுக் கடினமாயிற்று. மூன்றாவதிலோ அது கல்லாகிவிட்டது! பின்னால் பெண்களும் பிள்ளைகளும். முன்னால் ஒரு பஸ். “சாவியைத் திருப்பு! கியரில் போடு!” என்று கத்தினேன். கியர் விழுந்ததும் என்ஜின் விழித்துக்கொண்டது, வேகம் தணிந்தது, மிதியும் இளகியது. பிழைத்தோம்.

நடந்தது என்ன? என்ஜின் நின்றதும் வெறுமை பிறக்கும் இடமே இல்லாமற் போயிற்று. உருளையில் எஞ்சியிருந்த வெறுமை ஓரிரு முறை மிதிக்க மட்டுமே போதுமானது. அதன்பின் பழையபடி முழுப் பலத்தையும் காலே தரவேண்டும். தொட்டாலே போதும் என்று பழகிய கால் அதனை எதிர்பார்க்கவில்லை. காற்றின் வலிமை என்ஜினிடம் பெற்ற கடன் என்பதை அன்று கண்டுகொண்டோம்.

இன்னொரு உண்மையும் உண்டு. சேர்வோ காலின் சிரமத்தைக் குறைக்குமேயன்றிப் பிரேக்கின் சூட்டைக் குறைக்காது. ஆயிரம் கிலோ பாரமுள்ள வண்டி முந்நூறு மீற்றர் உயரம் இறங்கும்போது, அதை முழுவதும் பிரேக்கினாலேயே அடக்கினால், ஒன்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தக்க வெப்பம் பிரேக்குகளில் உண்டாகும். சூடேறிய இரும்பு வளையம் விரிந்து பிரேக் கட்டைகளைவிட்டு விலகும், உராய்வும் குன்றும். அவ்வேளையில் சேர்வோவினால் பலமாக அழுத்துவது எரிகிற அடுப்பில் மேலும் விறகிடுவது போன்றதே. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற முதியோர் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. கியரில் இறங்கும்போது, காலை அக்சிலரேற்றரிலிருந்து எடுத்துவிட்டால், என்ஜின் வண்டியைத் தானே இழுத்துப் பிடிக்கின்றது. அதே சமயம் வெறுமையும் மிகுந்து, சேர்வோவும் பூரண பலம் பெறுகிறது. ஒரே செயலால் இரு நன்மைகள்!

நுவரெலியா போன்ற 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் சேர்வோவின் உதவியும் அங்கே குறைகின்றது. றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்குபவர்களும், மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் செல்பவர்களும் இதை நினைவில் வைத்தல் நன்று.

ஆகவே, பழைய வண்டிக்குச் சேர்வோ பொருத்த விரும்புவோர் முதலில் பிரேக் கட்டைகள், சில்லுச் சிலிண்டர்கள், றப்பர்க் குழாய்கள், எண்ணெய் ஆகியவற்றைச் சீர்செய்க. மொரிஸ் மைனரின் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் வலிமை இழந்துவிடும். பொருத்தியபின், வெறும் பிக்கப்பின் பின்சில்லுகள் ஈர வீதியில் எளிதில் பூட்டிச் சறுக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

கருவி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழி: சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, மிதி கடினமாகும்வரை சில முறை மிதியுங்கள். பின் அதனை அழுத்தியபடியே என்ஜினை இயக்குங்கள். மிதி சற்றே கீழிறங்கினால் சேர்வோ நலமாயுள்ளது.

எங்கள் பிக்கப்பில் சேர்வோ இன்றும் இருக்கின்றது. ஆனால் இறக்கம் தொடங்கியதும் பையனின் கை இப்பொழுது சாவியை நாடுவதில்லை, கியரையே நாடுகின்றது. அன்று மிச்சமாகியிருக்கக்கூடிய பெற்றோல் ஒரு கோப்பை அளவுதான்!