யாமிருக்கப் பயமேன்?

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு மயூர் விஹார் என்று பெயர். மயில்கள் உலவும் இடம் என்று பொருள். மயிலின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், அந்த மயிலுக்கு உரியவனைத் தரிசிக்க ஆற்றைத் தாண்டி ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போவது வழக்கம். உத்தர சுவாமிமலை என்று அழைக்கப்படும் அந்தச் சுவாமிநாதன் ஆலயத்திற்கு 1973-ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் நடந்தது. அங்கே பெரிய எழுத்துகளில் ஒரு வாசகம் இருப்பதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள்: "யாமிருக்கப் பயமேன்?"

நம்மில் பலர் வீட்டில் மாட்டியிருக்கும் முருகன் படத்தின் அடியிலும் இதே வாசகம் இருக்கும். தினமும் பார்ப்பதால் அதைப் படிப்பதையே நிறுத்திவிட்டோம். இந்த இரண்டு சொற்களும் நமக்கு என்ன சொல்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சிந்திக்கலாம் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்குப் பயங்கள் அதிகம். இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன்பே ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் முகம் கண்முன் வந்துவிடுகிறது. வேலைக்குப் போன பெண் வீடு திரும்ப அரை மணி தாமதமானால் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடக்கிறோம். உடம்புக்கு ஏதாவது வந்தால் ஓடிவர இங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கும் பயம் உண்டுதான். ஆனால் அங்கே பக்கத்துத் தெருவில் ஒரு சித்தப்பாவாவது இருப்பார்.

வாசகம் சொல்வது என்ன?

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "உனக்கு ஒன்றும் நேராது" என்று முருகன் சொல்லவில்லை. "யாம் இருக்க" என்றுதான் சொல்கிறான். அவன் கொடுப்பது தன் இருப்பைப் பற்றிய உறுதி. நிகழ்ச்சிகளைப் பற்றிய உத்தரவாதம் அல்ல. இரண்டாவதாக, "பயப்படாதே" என்று அவன் கட்டளை இடவில்லை. பயப்படாதே என்று சொல்லிப் பயம் தீர்ந்தவர் யார்? அவன் "ஏன்?" என்று கேட்கிறான். எதற்காக இந்தப் பயம் என்று நம்மையே உள்ளே பார்க்கச் சொல்கிறான்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாவிட்டால் பக்தி ஒரு வியாபாரமாகிவிடும். நான் விளக்கேற்றினேன், நீ என் குடும்பத்தைக் காப்பாற்று என்ற கணக்கு தொடங்கிவிடும். கணக்கு ஒருநாள் தவறினால் நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிடும். 2021 ஏப்ரலில் அதை நான் அருகில் இருந்து பார்த்தேன்.

தில்லி முழுவதும் ஆக்ஸிஜனுக்காக அலைந்த நாட்கள் அவை. எங்கள் வீட்டில் இருவருக்குமே கொரோனா தொற்று. எனக்கு லேசாக வந்து போயிற்று. என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. விரலில் மாட்டும் கருவி 91 காட்டியது. 95-க்கு மேல் இருக்க வேண்டும் என்பார்கள். மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. என் கைகள் நடுங்கியதில் தொலைபேசியில் எண்ணைச் சரியாக அழுத்தக்கூட முடியவில்லை. பூஜை அலமாரி முன் உட்கார்ந்து கவசத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்தபோது கருவியில் 91 அப்படியேதான் இருந்தது. என் கை மட்டும் நடுங்கவில்லை. மருத்துவரைப் பிடித்தேன். அவர் சொன்னபடி மனைவியைக் குப்புறப் படுக்க வைத்தேன். இரண்டு மணிக்கு ஒருமுறை அளவைக் குறித்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வாசலில் கஞ்சி வைத்துவிட்டு மணியடித்துப் போவார். தெய்வம் மனுஷ்ய ரூபேண என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஆறாம் நாள் அளவு ஏறத் தொடங்கியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் "கவசம் காப்பாற்றியது" என்று எழுதிவிடலாம். ஆனால் இரண்டு கட்டிடம் தள்ளி இருந்த ஒரு தமிழ் நண்பர் அதே வாரம் காலமானார். அவர் வீட்டிலும் தினமும் காலையில் அதே கவசம் ஒலிக்கும். அவர் பக்தியில் என்னைவிடக் குறைந்தவரா? நிச்சயமாக இல்லை. ஆகவே எங்களைக் காப்பாற்றியது பக்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று எனக்குக் கிடைத்தது நடுங்காத ஒரு கை. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஒரு கையில் நெருப்பு

நடராஜர் திருவுருவத்தைப் பாருங்கள். பின் வலக்கையில் உடுக்கை. பின் இடக்கையில் தீ. முன் இடக்கை தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. முன் வலக்கை உள்ளங்கை நம்மை நோக்கி விரிந்திருக்கிறது. அதுதான் அபய கரம். பயம் வேண்டாம் என்று சொல்லும் கை.

நெருப்பை அணைத்துவிட்டு அவன் அபயம் காட்டவில்லை. எரியும் தீயும் அபயமும் ஒரே திருமேனியில், ஒரே நேரத்தில் இருக்கின்றன. நம் வாழ்க்கையும் அப்படித்தான். ஆபத்தெல்லாம் தீர்ந்த பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. தீ இருக்கும்போதே அந்த முன்கையைப் பார்க்கப் பழக வேண்டும்.

அப்பரும் காந்தியடிகளும்

அப்பர் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான், அத்தனையிலிருந்தும் அவர் மீண்டார் என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடுகிறார். நாம் இதை அற்புதங்களின் வரிசையாகவே சொல்லி வருகிறோம். ஆனால் சேக்கிழார் சொல்லும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோதே, தாம் யாருக்கும் அடிமை அல்லர் என்று அப்பர் அஞ்சாமல் பாடிவிடுகிறார். அப்போது எந்த அற்புதமும் நடக்கவில்லை. நீற்றறை குளிரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காப்பாற்றப்பட்டதால் அவருக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் முதலில் வந்தது.

காப்பாற்றப்படாதவருக்கும் அந்தத் தைரியம் இருந்திருக்கிறதா? அதற்கு நம் தில்லியிலேயே சான்று உண்டு. காந்தியடிகள் சிறுவயதில் மிகவும் பயந்த பிள்ளை. திருடன், பேய், பாம்பு என்று எல்லாவற்றுக்கும் பயம். விளக்கில்லாமல் தூங்க முடியாது. வீட்டில் வேலை செய்த ரம்பா என்ற தாதி, பயம் வந்தால் ராம நாமத்தைச் சொல் என்று கற்றுக்கொடுத்தாள். இதை அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அன்று விதைத்த விதை வீண்போகவில்லை என்றும் சொல்கிறார்.

அந்தப் பிள்ளைதான் 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இருந்தார். அருகே குண்டு வெடித்தது. கூட்டம் கலங்கியது. அவர் அசையாமல் மக்களை அமைதிப்படுத்திப் பிரார்த்தனையைத் தொடர்ந்தார். அதன் பிறகு பிரார்த்தனைக்கு வருபவர்களைச் சோதனையிடப் போலீசார் விரும்பியபோது அவர் சம்மதிக்கவில்லை. பத்து நாள் கழித்து, ஜனவரி 30 மாலை, பிரார்த்தனைக்கு நடந்துபோகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று காந்தி ஸ்மிருதி என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் அவர் கடைசியாக நடந்த பாதையைக் காலடித் தடங்களாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். தாதி சொல்லிக்கொடுத்த நாமம் அவர் உயிரைக் காக்கவில்லை. அந்தப் பத்து நாட்களும் அவரைப் பயமின்றி நடக்க வைத்தது.

கவசம் என்னும் பட்டியல்

சரி, நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களுக்கு வழி என்ன? நம் வீடுகளில் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் ஒலிக்கும் கந்த சஷ்டி கவசத்தையே எடுத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் இயற்றியது. அதன் அமைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? "என்னைக் காப்பாற்று" என்று ஒரே வார்த்தையில் அவர் முடித்துவிடவில்லை. முகம், கண், செவி, நாசி, பல், நாக்கு, கழுத்து, மார்பு என்று ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி வேலிடம் ஒப்படைக்கிறார். பிறகு பகல், இரவு என்று நேரங்களைச் சொல்கிறார். பிறகு பயப்பட வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறார்: பேய், புலி, பாம்பு, தேள், நோய்கள்.

இதில் நல்ல மனநூல் இருப்பதாக நான் நினைக்கிறேன். பயத்திற்கு உருவம் இல்லாதவரை அது வீடு முழுவதும் பரவி நிற்கும். பெயர் சொல்லிவிட்டால் இன்னது, இத்தனை என்று எண்ணிக்கைக்குள் வந்துவிடும். தவிர, நீண்ட அடிகளை வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சை நீளமாக விட வேண்டியிருக்கிறது; அப்படி விடும்போது இதயத் துடிப்பு நிதானமாகும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். "அப்படியானால் இது மூச்சுப் பயிற்சிதானே, முருகன் எதற்கு?" என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளை கேட்கக்கூடும். கேட்கட்டும். மூச்சு நிதானப்படுவது உடம்பில் நடக்கிற காரியம். யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பது மனத்தில் நடக்கிற காரியம். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் பட்டியலைக் கடைசிவரை சொல்லி முடிக்கிறான்.

நாமும் நம் பட்டியலைப் போடலாம். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் நம் கையால் செய்யக்கூடியவற்றை எழுதுங்கள். ஊரில் பெற்றோருக்கு அருகில் இருக்கும் மருத்துவர், மருந்துக்கடைக்காரர், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரின் எண்கள், பெண் வீடு திரும்பும் வழியில் தெரிந்தவர் ஒருவர், மருத்துவக் காப்பீடு. இவற்றைச் செய்யாமல் "முருகன் பார்த்துக்கொள்வான்" என்பது நம்பிக்கை ஆகாது. அதற்குச் சோம்பல் என்று பெயர். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதை வள்ளுவரும் அறியாமை என்றே கண்டிக்கிறார். மறு பக்கத்தில் எழுத வேண்டியவை நம் கைக்கு எட்டாதவை. அந்தப் பாரத்தை அவன்மேல் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறோம்?

இங்கே ஒரு வேண்டுகோள். "தப்புப் பண்ணினால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். பயத்தைப் போக்க வேண்டியவனையே பயத்துக்குக் காரணமாக்கி விடுகிறோம். பிள்ளை வளர்ந்த பிறகு, சனிப் பெயர்ச்சி வந்துவிட்டது, இத்தனை ஆயிரத்துக்குப் பரிகாரம் செய் என்று யாராவது பயமுறுத்தினால், உடனே நம்பிவிடும் மனம் இப்படித்தான் உருவாகிறது. பயத்தை விற்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் சொல்லுக்கும் மலை மந்திர் வாசகத்துக்கும் நேர் விரோதம் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இருட்டில் தனியாகப் போகப் பயப்படும் குழந்தையிடம், "முருகன் கூட வருவான், நீ போய் விளக்கைப் போடு" என்று சொல்லிப் பாருங்கள். துணை அவன், விளக்கைப் போடுவது குழந்தை.

அபயம் வாங்குவதும் கொடுப்பதும்

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியது. 1978-இல் பதிவான 207.49 மீட்டரை அது தாண்டிவிட்டது. ஆற்றங்கரையில் பயிர் செய்து குடிசையில் வாழ்ந்தவர்கள் ஆடுமாடுகளோடு மேலேறி வந்து, மயூர் விஹார் சாலையோரங்களில் கூடாரங்களில் தங்கினார்கள். நாங்கள் சிலர் வீட்டில் சமைத்ததை எடுத்துக்கொண்டு போனோம். எங்களுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்ற பயம். அவர்களுக்கு வீடே போய்விட்டது. புளியோதரையை இலையில் வைத்து நீட்டியபோது ஒரு கிழவி என் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பயம் எனக்கு நினைவே இல்லை.

அபயம் என்பது பெற்றுக்கொள்ள மட்டும் உரியதன்று, கொடுக்கவும் உரியது. நம் கட்டிடத்தில் தனியாக இருக்கும் முதியவர் ஒருவரிடம், "இரவில் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், நான் இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்பவரின் பயமும் பாதியாகக் குறையும். ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே சித்தப்பா இல்லைதான். ஒருவருக்கொருவர் சித்தப்பாவாக இருக்க யார் தடுக்கிறார்கள்?

அடுத்த முறை மலை மந்திருக்குப் போகும்போது அந்த வாசகத்தை நின்று, நிதானமாகப் படியுங்கள். "ஏன்?" என்று அவன் கேட்கிறான். நமக்குள் ஒரு பதிலைத் தேடிக்கொண்டு படியேறுவோம்.