மிட்டாயா, சாக்லேட்டா? சுங்கம் கேட்கும் கேள்வி

பெருநாள் நாட்களில் நம் இல்லங்களுக்கு வந்துசேரும் வெளிநாட்டு இனிப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். பழுப்பு நிறச் சாக்லேட், வெள்ளைச் சாக்லேட், சாக்லேட் பூசிய வேஃபர், பளபளக்கும் ஜெல்லி மிட்டாய் ஆகியவை அதில் இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு இவை எல்லாமே சாக்லேட்தான். ஆனால் இவை தனித்தனிச் சரக்காகத் துறைமுகத்திற்கு வந்தால், சுங்க இலாகா இவற்றை மூன்று வெவ்வேறு பெயர்களால் அழைக்கும்.

உலக வாணிபத்தில் நடமாடும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலகச் சுங்க அமைப்பு இந்த வரிசையைப் பராமரிக்கிறது. 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இம்முறையை இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளும் வாணிபப் பகுதிகளும் கையாளுகின்றன. முதல் ஆறு இலக்கங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. இந்தியா அதனை எட்டு இலக்கமாக விரித்துக்கொண்டுள்ளது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டின் சுங்கவரி விகிதச் சட்டத்தின் அட்டவணையில் இவ்வெண்களைக் காணலாம்.

இனி நம் பெட்டிக்கு வருவோம். கொக்கோ கலந்த இனிப்பு 1806 என்ற தலைப்பில் அடங்கும். கொக்கோ கலவாத சர்க்கரை மிட்டாய்க்குரிய தலைப்பு 1704. வெள்ளைச் சாக்லேட்டின் பெயரில் சாக்லேட் இருந்தாலும், அதற்கும் 1704தான். ஏனெனில் அதில் இருப்பது கொக்கோக் கொட்டையிலிருந்து பிழிந்தெடுத்த வெண்ணெய் மட்டுமே. வகைப்பாட்டு விதிகளில் அந்த வெண்ணெய் கொக்கோவாகக் கருதப்படுவதில்லை. ஜெல்லி மிட்டாயும் அதே தலைப்பில் சேரும். சாக்லேட் பூசிய வேஃபரோ, மேலாடை எதுவாக இருப்பினும், ரொட்டி, பிஸ்கட் வகைகளுக்குரிய 1905இல் போய் அமர்கிறது.

இவை யாவும் ஒரே அலங்காரப் பெட்டியில் விற்பனைக்கு வந்தால் என்ன செய்வது? அதற்கும் விதி உண்டு. அந்தத் தொகுப்புக்கு அடிப்படைத் தன்மையைத் தருவது எது என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் புலப்படாவிட்டால், போட்டியிடும் தலைப்புகளுள் எண் வரிசையில் கடைசியாக வருவதைக் கொள்ள வேண்டும். அரபு நாட்டிலிருந்து ஊர் திரும்பும் உறவினரின் பயணப் பெட்டியில் வரும் இனிப்புக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பயணியின் உடைமைகளுள் வரிக்குரியவற்றை 9803 என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகிறார்கள். வணிகச் சரக்காக வருவதற்குத்தான் இத்தனை ஆராய்ச்சியும்.

ஒரு மிட்டாய்க்கு இவ்வளவு விசாரணையா என்று நீங்கள் கேட்கலாம். 2025 செப்டம்பர் 22க்கு முன்பு சாக்லேட்டின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம். காய்ச்சிய சர்க்கரை மிட்டாயின் மீது 12 சதவீதம். அந்நாளிலிருந்து இரண்டும் 5 சதவீதமாயின. இறக்குமதியின்போதும் இந்த வரி வசூலிக்கப்படுவதால், அதுவரை ஒரு சிட்டிகை கொக்கோத்தூளே நூற்றுக்கு ஆறு ரூபாய் வேறுபாட்டை உண்டாக்க வல்லதாக இருந்தது. சரக்கின் பெயரை முதலில் எழுதித் தருபவர் வணிகரே. 2011 முதல் இந்தியச் சுங்கத்தில் சுயமதிப்பீட்டு முறை நிலவுகிறது. குறைவாகச் செலுத்திய வரியை அரசு இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கலாம். வேண்டுமென்றே பொய் சொன்னதாகவோ மறைத்ததாகவோ கண்டால் ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லலாம். வட்டியும் அபராதமும் அதனுடன் சேரும். சிறு முதலில் தொழில் தொடங்கும் இளைஞர் ஒருவரை நிலைகுலையச் செய்ய இது போதும்.

தோல் தொழிலால் வாழும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வட்டார மக்களுக்கு இந்தக் கணக்கு புதியதன்று. ஒரு வெள்ளாட்டுத் தோலின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். பச்சைத் தோலாக இருக்கையில் அது 4103. பதனிட்டு வெட் புளூவாகவோ கிரஸ்ட்டாகவோ ஆனபின் 4106. சாயமும் மெருகும் ஏறி முழுமை பெற்றதும் 4113. ஆம்பூரில் நம் சகோதரிகள் தைக்கும் காலணியின் மேற்பாகமாகும்போது 6406. அடிப்பாகம் பொருத்தப்பட்டுக் காலணியாகக் கப்பலேறுகையில் 6403. தோல் ஒன்றே, உழைப்பு ஏற ஏறப் பெயர் மாறுகிறது.

அப்பெயர் மாற்றத்தில் நம் ஊர்களின் பிழைப்பு அடங்கியிருந்தது. கிரஸ்ட் தோலின் ஏற்றுமதிக்கு நெடுங்காலம் வரி இருந்தது. முழுமை பெற்ற தோலுக்கு அவ்வரி இல்லை. உள்நாட்டிலேயே தோலுக்கு மேலும் வேலை கொடுத்து, கூலி இங்கேயே தங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆகவே ஒரு கட்டுத் தோல் கிரஸ்ட்டா, முழுமை பெற்றதா என்ற கேள்வி பெரிய கேள்வியாயிற்று. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைக்கு மாதிரிகள் சென்றன. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் கிரஸ்ட் தோலுக்கு அந்த ஏற்றுமதி வரியிலிருந்தும், வெட் புளூவுக்கு இறக்குமதி வரியிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் கட்டாயச் சோதனையும் நீக்கப்பட்டது.

தோலுக்கும் மிட்டாய்க்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. தோலின் கழிவுத் துண்டுகளிலிருந்தும் ஜெலட்டின் எடுக்கப்படுகிறது. அது பல ஜெல்லி மிட்டாய்களில் கலக்கிறது. இங்கேதான் இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மிட்டாயிலுள்ள ஜெலட்டின் மாட்டினுடையதா, பன்றியினுடையதா என்று 1704 என்ற எண் கேட்பதில்லை. மது நிரப்பிய சாக்லேட்டும், கொக்கோ இருப்பதால், மற்றச் சாக்லேட்டுடன் 1806இலேயே சேர்கிறது. உறையின் மீதுள்ள பழுப்பு முக்கோணம் அசைவப் பொருள் உண்டு என்று மட்டும் தெரிவிக்கும். எந்தப் பிராணி என்று சொல்லாது. ஆகையால் சுங்கம் கடந்து கடைக்கு வந்துவிட்டது என்பது ஹலாலுக்குச் சான்றாகாது. மூலப்பொருள் பட்டியலை அதிகாரி வரிக்காகப் படிக்கிறார். நாம் அதனை நம் பிள்ளைகளுக்காகப் படித்தாக வேண்டும்.

இனிப்பு இறக்குமதியில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் அச்சிட்ட விளம்பரப் பெயரை நம்பி எண்ணை எழுதாதீர்கள். தயாரிப்பாளரிடம் மூலப்பொருள்களின் அளவு விவரத்தை எழுத்து மூலம் பெறுங்கள். ஐயமிருந்தால் டில்லியிலும் மும்பையிலும் இயங்கும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம், சரக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பித்து முடிவு பெறலாம். சரக்கு துறைமுகத்தில் தேங்கி, நாள்தோறும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது வழக்காடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கலாகாது என்பதைச் சிறுவயதிலேயே ஓதி அறிந்தவர்கள் நாம். சரக்கின் பெயரை உள்ளபடி எழுதுவதும் அந்த நேர்மையைச் சேர்ந்ததே.