தெரிந்தவருக்குத் தெரிந்தவர்

விடியற்காலையில் எங்கள் பொட்டிபுரத்தில் ஜீப் சத்தம் கேட்டால், ஏலத்தோட்டத்துக்கு ஆள் கிளம்புகிறது என்று அர்த்தம். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத்தான் திரும்புவார்கள். என் அம்மா அப்படிப் போனவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போயிருக்கிறேன்.

எந்தத் தோட்டத்தில் ஆள் வேண்டும், எங்கே கூலி பத்து ரூபாய் கூட என்பதெல்லாம் அந்த ஜீப்பில்தான் தெரியவரும். அதிலும் வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டு மதினி புதிதாக ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரிந்ததுதானே? ராசிங்காபுரத்தில் ஏறிய, பெயர்கூடத் தெரியாத ஒருத்திதான், "ஏக்கா, அந்தத் தோட்டத்துக்கு வாரீகளா? ஆள் பத்தலையாம்" என்று போகிறபோக்கில் சொல்லிவைப்பாள்.

இந்த ஜீப் விஷயம் என் மகள் பி.காம். முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வரவில்லை. "எப்பப் பாரு ஃபோனு, ஃபோனு! அதுலயா வேலை கொட்டிக் கிடக்கு?" என்று கத்தியதுதான் மிச்சம். அவள் அதில் வேலைதான் தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் தப்பான இடத்தில்.

வீட்டிலிருந்தபடியே தினம் ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கலாம் என்று முன்பின் தெரியாத யாரோ ஒரு குழுவில் சேர்த்தார்கள். வீடியோவுக்கு விருப்பக்குறி போட்டால் பணமாம். முதல் நாள் 150 ரூபாய் வந்தேவிட்டது! பிறகு, பெரிய வேலைக்கு 3,000 ரூபாய் முன்பணம் என்றார்கள். கட்டினாள். "பணம் மாட்டிக்கொண்டது, 15,000 கட்டினால் மொத்தமும் வரும்" என்றார்கள். தோழியிடம் கடன் வாங்கி அதையும் கட்டினாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் என்னிடம் சொல்லி அழுதாள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும். நாங்கள் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. என் வாய்க்குப் பயந்து மறைத்தாள் என்று நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு சுருக்கென்கிறது. சகோதரிகளே, பிள்ளைகள் ஏமாந்துவிட்டு வந்தால் திட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1930.

இதைவிடப் பெரிய பள்ளமும் உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற விளம்பரத்தைச் சமூக வலைத்தளங்களில் பார்த்து நம்பிப் போனவர்களை, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அகப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளிநாடு என்றால் ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துவிடுங்கள். சென்னையில் நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

சரி, என் மகள் கதைக்கு வருகிறேன். பணம் போன துக்கம் ஆறியதும், கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில், "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று போட்டாள். ஆளுக்கொரு கைகூப்பும் படம் போட்டதோடு சரி! அப்புறம், தேனியில் கணக்கு வேலை பார்க்கும் என் தங்கை மகள்தான் திருத்திக் கொடுத்தாள்: "பி.காம். முடித்திருக்கிறேன். டேலியும் ஜி.எஸ்.டி. கணக்கும் தெரியும். தேனி, மதுரை, திண்டுக்கல்லில் கணக்குப் பிரிவில் வேலை தேடுகிறேன். ஹாஸ்டல் இருந்தால் கோயம்புத்தூரும் சம்மதம்." இதையே லிங்க்ட்இன் பக்கத்திலும் போட்டாள். வீட்டு விலாசம், ஆதார் எதுவும் போடவில்லை.

பதினோராம் நாள் பதில் வந்தது. யாரிடமிருந்து? கூடவே திரிந்த தோழிகளிடமிருந்து இல்லை. இரண்டு வருஷம் மூத்தவள், கல்லூரி பஸ்ஸில் எப்போதோ பேசியவள். அவள் வேலை பார்க்கும் மதுரைக் கம்பெனியில் ஓர் இடம் காலியாம்.

அமெரிக்காவில் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்து 1973-லேயே எழுதியிருக்கிறாராம். அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்ப்பவர்தான் வழி சொல்லியிருக்கிறார். 2022-ல் லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை வைத்துப் பார்த்தபோதும் அரைகுறைப் பழக்கமே அதிகம் உதவியிருக்கிறது. அடியோடு அந்நியர் அல்ல, அதையும் கவனியுங்கள். படித்ததும் அந்த ராசிங்காபுரத்து அக்காதான் கண்முன் வந்தார்!

இந்தத் தடவை நான் சும்மா விடவில்லை. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு நானே பேசி, இன்டர்வியூ உண்மைதானா என்று கேட்டேன். மகளுக்கு வெட்கம், எனக்கு இல்லை. ஒரு பைசா முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுவது என்று முடிவு. 2023-ல் போடிக்கு மறுபடி ரயில் வந்திருந்தது நல்லதாயிற்று. அதிலேயே மதுரை போய்வந்தோம். அந்த மாதமே வேலையில் சேர்ந்துவிட்டாள். தோழியின் கடன் அடைய ஐந்து மாதம் ஆயிற்று.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பக்கத்துத் தெருப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, உன் மக ஃபோனுல எம் பேத்திக்கும் ஒண்ணு போடச் சொல்லேன்."

"போடலாம் பாட்டி. என்ன படிச்சிருக்கா, என்ன வேலை தெரியும், எந்த ஊருக்குப் போவா, எல்லாம் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் என்னத்துக்கு? நல்ல பிள்ளைன்னு போடு, போதும்" என்றார் பாட்டி. பேத்தியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.