பழைய களஞ்சியத்தைப் புதுக்குமுன்

பழைய களஞ்சியத்தைத் திருத்திக் கட்ட எண்ணும் கமக்காரர், மேசன் வேலைக்கு வருமுன் செய்து முடிக்கவேண்டிய கருமம் ஒன்றுண்டு. அவ்வறையிலே தங்கியிருக்கும் நச்சுப் பொருள்களை அகற்றுதலே அதுவாகும். சுவரை இடித்தபின் அவற்றைத் தேடுதல் பயன் தராது. உடைந்த போத்தலின் நஞ்சு மண்ணோடும் கல்லோடும் கலந்துவிடும்.

முதலிற் பார்வையிடல்

பகல் வெளிச்சத்தில், கதவு யன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விட்டபின் உட்செல்க. சிறுவரையும் கால்நடைகளையும் அண்டவிடலாகாது. மூலைகளிலும் வளைகளின் மேலும் உள்ளவற்றை நோக்கிக் குறித்துக்கொள்க.

பழைய கிருமிநாசினிகள்

மொனோகுரோட்டோபொஸ் 1995 ஆம் ஆண்டிலும், என்டோசல்பான் 1998 ஆம் ஆண்டிலும் இலங்கையிற் தடைசெய்யப்பட்டன. எனினும், அக்காலத்தில் வாங்கியவை சில களஞ்சியங்களில் இன்றும் கிடக்கக்கூடும். பெயர்ச்சீட்டு உரிந்த போத்தலே மிகவும் அஞ்சத்தக்கது. இன்னதென்று அறிய முகர்ந்து பார்க்கலாகாது; பெயரறியாத ஒவ்வொன்றையும் நஞ்சென்றே கொள்க.

றப்பர்க் கையுறை, சப்பாத்து, நீண்ட கைச்சட்டை ஆகியன அணிந்து, போத்தல்களை நிமிர்த்தியபடி வாளியில் அடுக்கி, வேறோரிடத்திற் பூட்டிவைத்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். அவற்றை ஊற்றவோ, புதைக்கவோ, எரிக்கவோ கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் படையில் வெடிப்புகள் பல உள்ளமையால், நிலத்தில் ஊற்றிய நஞ்சு விரைவிற் கிணற்று நீரை அடையும். குடிப்பதும் தோட்டத்திற்கு இறைப்பதும் அந்நீரே அன்றோ?

நிலத்திற் சிந்திய மருந்தை நீரூற்றிக் கழுவலாகாது. உலர்ந்த மணலையோ மரத்தூளையோ தூவி, ஊறியபின் அள்ளித் தடித்த பொலித்தீன் பையிற் கட்டிப் போத்தல்களுடன் வைக்குக. மருந்து ஊறிய பலகையை விறகாக்கலாகாது. உடலிற் பட்டால் உடனே சவுக்காரமிட்டு நிறைந்த நீராற் கழுவுக. எவரேனும் விழுங்கிவிட்டால், வாந்தியெடுக்கச் செய்யாது, போத்தலுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

எலி எச்சம்

மருந்துகளை அகற்றியபின்னரே இதனைத் தொடங்குக. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். ஆதலால், எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாது, வெளிற்றும் தூள் கரைத்த நீரால் நனைத்துச் சிறிது நேரஞ் சென்றபின் துடைத்தெடுக்க வேண்டும். கைகாலிற் புண்ணுள்ளோர் இவ்வேலையில் ஈடுபடலாகாது.

கல்நார்க் கூரை

அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார்த் தகடுகள் உடையாதிருக்கும்வரை பெருந்தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிய நார்த்தூசி சுவாசப்பையிற் தங்கி, பல ஆண்டுகளின் பின் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. வாயிற் கட்டிய துணி அதனைத் தடுக்காது. தகடுகளை நன்கு நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுத்தகடாகவே இறக்குதல் வேண்டும். உடைந்த துண்டுகளை நனைத்துப் பொலித்தீனிற் சுற்றுக. ஒழுங்கைப் பள்ளங்களை நிரப்ப அவற்றைக் கொட்டலாகாது. அகற்றும் முறையைப் பிரதேச சபையிற் கேட்டறிக.

இவ்வளவும் முடிந்த பின்னரே மேசனை அழைக்குக. புதுக்கிய களஞ்சியத்தில் விதைநெல்லுடன் மருந்துப் போத்தலை மீண்டும் வைக்காதீர்கள். அதற்கெனப் பூட்டுள்ள சிறு பெட்டியொன்றை, சிறுவர் கைக்கெட்டாத உயரத்தில், வெளியே அமைத்துக்கொள்ளுங்கள்.